இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று

ஃபிளாஷ் வேண்டாம் என்றாள் பியார்தா.
நூற்றெண்பது கண்ணி உள்ள பாட்டு,
நடுவில் மின்னினால்
அப்பாவுக்கு அடி மறந்துவிடும்.

சரி என்றேன்.
நவம்பர் கடைசியில் சூதுரோய்த் தீவில்
நாலு மணிக்கே கடலைக் காணோம்.
ஊர்க்கூடத்தில் பதினோரு மெழுகுவர்த்தி;
அதுபோக,
சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம்
ஒரு முழம் டியூப்லைட்.

லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தேன்.
ஐஎஸ்ஓவைப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றினேன்.
கேமராவின் நெற்றியிலிருக்கும் சின்னச் சிவப்பு விளக்கைக்
கறுப்பு டேப் ஒட்டி மறைத்தேன்.
போன கல்யாணத்தில் அது
மாப்பிள்ளை மார்பில் துப்பாக்கிப் புள்ளிபோல் விழுந்து
அவன் பாட்டனார் எழுந்து நின்றுவிட்டார்.

இங்கே வாத்தியம் கிடையாது.
தொண்டையும் தரைப்பலகையும்தான்.
கைகோத்த நாற்பது பேர்
இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று
என்று நகர்கிறார்கள்.
இடம் போதாமல் வட்டம் தனக்குள் மடிந்து
போகிற முகத்தை வருகிற முகத்துக்குக் காட்டுகிறது.

கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் என்றான்
கோப்பன்ஹேகன் கடைக்காரன்.
அவன் கடையில் அறுபது விளக்கு.
இங்கே பியார்தாவின் கருநீல வெல்வெட்
இருக்கிற வெளிச்சத்தையும் குடித்துவிடுகிறது.
லென்ஸ் முன்னால் ஓடுகிறது, பின்னால் ஓடுகிறது,
பூட்டின் துளை கிட்டாத
குடிகாரன் கைச் சாவிபோல்.
கிர்ர். கிர்ர்ர்.
அவள் சிரித்தபோது
இடுப்பின் வெள்ளிக் கொக்கியைப் பிடித்தது.
அவள் கண் துடைத்தபோது
பின்வரிசையில் ஒரு பீர் பாட்டிலை.

கேமராவுக்கு மணப்பெண் யாரென்று தெரியாது.
கறுப்பு முடிந்து வெளுப்பு தொடங்கும்
அந்த ஓரம் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் பச்சைக் கட்டம்
என்னைக் கேட்காமல் தாவியது.
பியார்தாவை விட்டு, ஹோக்னியை விட்டு
வாசலுக்கு.
போனது அங்கேயே ஆணியடித்து நின்றது.

வாசலில் ஆரஞ்சு மழைச்சட்டை,
சால்மன் பண்ணைக்காரர்கள் போடுவது,
நெஞ்சுக்குக் குறுக்கே ஒளி திருப்பும் பட்டை.
சமையலறைக் கதவு திறந்ததும்
பட்டை தீயாய் எரிந்தது.
பட்டைக்கு மேலே ட்ரோந்தூர்.
ஹோக்னியின் அண்ணன்.
அப்பா வைத்துப்போன படகைக்
கேட்காமல் விற்றவன்.
ஆறு வருஷம், ஒரே படகுத்துறையில்
முதுகைக் காட்டிக்கொண்டு டீசல் போட்டார்கள்.

யாரும் இன்னும் பார்க்கவில்லை,
என் கேமராவைத் தவிர.
கட்டத்தை இழுத்து மணமக்கள்மேல் வைத்தேன்.
திரும்பவும் வாசலுக்கு ஓடியது.
மூன்று முறை.
உனக்குச் சோறு போடுவது யார் என்று
வாய்க்குள் திட்டினேன்.

வட்டத்தில் யாரும் எங்கேயும் புகலாம்,
தடுக்கக்கூடாது, ஊர் வழக்கம்.
தூரத்து மூலையில்
தெரியாத இரண்டு பேர் கையைப் பிரித்து
ஈரச்சட்டையோடு நுழைந்தான்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்தேன்.
வட்டம் மடியும் இடத்தில்
பலகையில் ஒரு வெளிறிய கணு.
அதற்கு நேர்மேலே, இரண்டரை மீட்டரில்,
வளையத்தைக் கையால் திருகி நிறுத்தினேன்.
இனி யாரையும் துரத்த வேண்டாம்.
இருவரும் இந்தக் கணுவுக்கு வந்தே தீர வேண்டும்.
இடப்பக்கம் இரண்டு.
வலப்பக்கம் ஒன்று,
திரும்புமுன் கால்கள் அரை நொடி நிற்கும்.

ஒன்பது எடுத்தேன். எட்டு மங்கல்.
ஒன்பதாவதில்
அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு சாண்.
இரண்டு வாயும் திறந்திருக்கின்றன.
ஏதாவது பேசிக்கொண்டார்களா,
நூற்றுப்பதினான்காம் கண்ணிதானா,
படத்தைப் பார்த்தால் தெரியாது.

பியார்தா அதை ஆல்பத்தில் வைக்கவில்லை.
கட்டம் தானாகத் தாவிய அந்த முதல் படம்,
வாசலும் பட்டையும் மட்டும் துல்லியமாய் விழுந்தது,
நான் அழிக்க வைத்திருந்தது,
அதைத்தான் பெரிதாக்கிக் கேட்டாள்.
இதில் நீயே இல்லையே என்றேன்.
இருக்கிறேனே, என்று
ஓரத்து நீலப் புகையை
விரலால் தொட்டுக் காட்டினாள்.